சர்ரே வைசாகி ஊர்வலம்: கூச்சப்படாமல் சாப்பிட்டு வர ஒரு வழிகாட்டி

ஏப்ரல் வந்துவிட்டால், கனடாவில் வான்கூவர் பக்கத்தில் இருக்கும் சர்ரேக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, வைசாகி ஊர்வலத்துல எல்லாமே ஃப்ரீயாமே, நெசமாவா? நாமளும் போகலாமா?"

நெசம்தான், போகலாம். நீ யார், எந்த ஊர், என்ன சாமி கும்பிடுகிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். டோக்கன் கிடையாது, பதிவு கிடையாது, அடையாள அட்டை வேண்டாம். ஆனால் ஒன்றும் தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரத்திலேயே நாலு சமோசாவைப் போட்டு வயிற்றை அடைத்துக்கொண்டு, அதற்கப்புறம் வரும் நல்ல பண்டத்தையெல்லாம் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இது.

முதலில் இது என்ன விழா என்று தெரிந்துகொள்ளுங்கள், சாப்பாடு தானாகப் புரியும். 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் பஞ்சாபில் ஆனந்த்பூர் சாஹிபில் சீக்கியர்களின் பத்தாம் குரு கோவிந்த் சிங், கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகத்தைத் தொடங்கினார். அதன் நினைவாக நடப்பது இது. நம் சித்திரை ஒன்றாம் தேதியும் வைசாகியும் ஒன்றையொட்டித்தான் வரும், ஏப்ரல் 13 அல்லது 14. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபை அலங்கரித்த வண்டியில் வைத்து, கீர்த்தனை பாடிக்கொண்டே ஊரைச் சுற்றி வருவதற்கு நகர் கீர்த்தன் என்று பெயர். சர்ரேயில் இதை நடத்துவது 85ஆவது அவென்யூவில் 128ஆவது தெருவை ஒட்டி இருக்கும் தஸ்மேஷ் தர்பார் குருத்வாரா. 5 லட்சம் பேருக்கு மேல் வருவதாக விழாக்குழு சொல்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி சர்ரேயின் மொத்த மக்கள்தொகையே 5,68,322தான் என்பதை வைத்துக் கூட்டத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஏன் இலவசம்? முதல் குரு நானக் காலத்திலிருந்தே வரும் லங்கர் வழக்கம் அது, யார் வந்தாலும் காசில்லாமல் பந்தி போடுவது. இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி அந்தச் சமையலறையை முன்நின்று நடத்தியவர், அவர் பரிமாறிய நெய் மணக்கும் பாயசம் குரு கிரந்த் சாஹிபிலேயே பாடப்பட்டிருக்கிறது. மூன்றாம் குரு அமர்தாஸ், என்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று சொன்னவர். அந்தப் பந்திதான் ஊர்வல நாளில் தெருவுக்கு வந்துவிடுகிறது. குருத்வாரா ஒரு பக்கம் சமைக்கும். கடைக்காரர்கள், நண்பர் குழுக்கள், தெருவோர வீட்டுக் குடும்பங்கள் எல்லோரும் சொந்தக் காசில் ஆளுக்கொரு கூடாரம் போடுவார்கள்.

நம் ஆட்களுக்குப் பெரிய தடை பஸ்ஸும் மழையும் அல்ல, கூச்சம்தான். ஓசிச் சோற்றுக்கு வந்தான் என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம். ஒரு தட்டை வாங்கிவிட்டு பத்து டாலரை நீட்டி அந்தப் பெரியவர் முகம் சுருங்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சித்திரைத் திருவிழாவில் மதுரைத் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருப்பவரிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்க நாம் யோசிப்பதில்லையே, அந்த மனசோடு போங்கள். கூடாரத்தில் தட்டு நீட்டுகிற மனிதர் விடியற்காலையிலிருந்து நின்று வெங்காயம் நறுக்கியிருக்கிறார். நீங்கள் வாங்கினால்தான் அவர் வேலை முடியும்.

தேதியும் வழியும்

ஊர்வலம் வைசாகி அன்றே நடக்காது. வழக்கமாக அதற்கடுத்து வரும் ஒரு சனிக்கிழமை. ஆண்டுதோறும் தேதி மாறும் என்பதால் மார்ச் கடைசியில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். வான்கூவரில் நடக்கும் ஊர்வலம் வேறு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காரில் போகாதீர்கள். சுற்றுவட்டாரத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், கிடைத்த இடத்தில் நிறுத்தினால் திரும்பி வரும்போது வண்டி இருக்குமா என்பது சந்தேகம், அப்படியே இருந்தாலும் வெளியே எடுக்க ஒரு யுகம் ஆகும். ஸ்கைட்ரெயினில் எக்ஸ்போ தடத்தில் ஏறி ஸ்காட் ரோடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஆர்6 விரைவுப் பேருந்து ஸ்காட் ரோடு வழியாகவே தெற்கே போகும். சர்ரேயின் தெருக்கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தெரு என்றால் வடக்கு தெற்கு, அவென்யூ என்றால் கிழக்கு மேற்கு, ஸ்காட் ரோடு என்பதே 120ஆவது தெரு. ஆக 84ஆவது அவென்யூ பக்கம் இறங்கிக் கிழக்கே எட்டுத் தெரு நடந்தால் 128 வந்துவிடும். ஒரு மைல்தான், இருபது இருபத்தைந்து நிமிடம். பசியோடு நடப்பது நல்லதுதானே. அன்றைக்கு ஊர்வலப் பாதையைக் கடக்கும் பேருந்துகள் எல்லாம் சுற்றுவழியில் போகும், அதனால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். 72ஆவது அவென்யூவில் குவாண்ட்லன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை, வளாகத்திலிருந்து வடகிழக்கே கொஞ்சம் நடந்தால் கூட்டமே உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

என்ன கொண்டு போவது

தலையை மூட ஒரு துணி. கைக்குட்டையோ துப்பட்டாவோ போதும், குல்லா மட்டும் வேண்டாம். தெருவில் நடக்கும்போது எல்லோரும் மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் குரு கிரந்த் சாஹிப் வரும் வண்டிக்குப் பக்கத்திலும் குருத்வாராவுக்குள்ளும் கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குருத்வாரா வாசலில் காவித்துணி வைத்திருப்பார்கள்.

ஏப்ரல் என்றால் நம் ஊர் ஏப்ரலை நினைக்காதீர்கள். வெயில் அடிக்கும், பத்து நிமிடத்தில் தூறும், நிழலில் நின்றால் கை விறைக்கும். மழைக்கோட்டு, உள்ளே ஒரு ஸ்வெட்டர், நாள் முழுக்க நடக்கத் தோதான பழைய ஷூ. ஈரத் துடைப்பான் ஒரு பொட்டலம், ஜிலேபிப் பாகு கையில் ஒட்டினால் அதன் அருமை தெரியும். குப்பையைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, ஏனென்றால் பதினோரு மணிக்கே குப்பைத் தொட்டிகள் நிரம்பிவிடும். சிகரெட்டும் புகையிலையும் பையில்கூட வேண்டாம், சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகவே ஆகாது.

எப்போது போவது, எதைச் சாப்பிடுவது

காலை ஒன்பது ஒன்பதரைக்கு ஊர்வலம் புறப்படும், சுற்றி முடித்துத் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். சாப்பாட்டுக்காகவே போகிறவர்களுக்குப் பத்திலிருந்து ஒரு மணி வரைதான் நல்ல நேரம். அதற்கு முன்னால் போனால் எண்ணெய் அப்போதுதான் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் பல கூடாரங்களில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும்தான் மிஞ்சும். காலையில் வீட்டில் ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் போதும்.

ஊர்வலத்தோடு சேர்ந்து நடக்காமல் எதிர்த்திசையில் நடப்பது என் பழக்கம். வண்டிகளெல்லாம் உங்களைக் கடந்து போகும், அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கூடாரங்களும் ஒவ்வொன்றாக வரும். முதல் அரை மணி நேரம் எதையும் வாங்காதீர்கள், வாங்கினாலும் ஒரு தட்டை மூன்று பேர் பகிர்ந்து தின்னுங்கள். யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டுக்கொண்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

சமோசாவும் பக்கோடாவும் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதனால்தான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். பிட்ஸா, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம்கூடக் கொடுப்பார்கள், ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாமே. நீங்கள் தேட வேண்டியவை வேறு. சுடச்சுடப் பொரித்த பட்டூராவும் கொண்டைக்கடலையும் முதலில். மக்காச்சோள மாவு ரொட்டியும் கடுகுக்கீரை மசியலும், மேலே ஒரு உருண்டை வெண்ணெயோடு, அகப்பட்டால் விடாதீர்கள். அப்புறம் கடி சாதம்: தயிரும் கடலைமாவும் சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்பில் பக்கோடாவை ஊறப்போட்டுச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள், ரொட்டியே தின்று அலுத்துப்போன தமிழ் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். பானி பூரிக்கு அவர்கள் கோல்கப்பா என்பார்கள், வரிசை நீளமாக இருந்தாலும் நிற்கலாம். காரம் நமக்குப் பத்தாது, அதற்குப் பச்சை மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். காபி தேடாதீர்கள். இஞ்சி ஏலக்காய் போட்ட டீ பெரிய ஸ்டீல் டிரம்மிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

பெரிய கம்பெனிக் கூடாரங்களைவிட வீட்டு வாசல்கள்தான் எனக்குப் பிடிக்கும். கராஜ் கதவை மேலே தூக்கியிருப்பார்கள். உள்ளே காஸ் அடுப்பில் அகலமான இரும்புக் கடாய். தாடிக்கு வலை மாட்டிய ஒருவர் துணிப்பையில் மாவை நிரப்பி, காய்ந்த எண்ணெய்க்கு மேல் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி ஜிலேபி பிழிந்துகொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவர் நீளக் கம்பியால் அதைத் திருப்பி, சிவந்ததும் தூக்கிப் பாகில் முக்கி எடுத்து அலுமினியத் தட்டில் கொட்டுவார். அதை ஒரு பத்து வயதுப் பையன் காகிதத் தட்டுகளில் வைத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடிவந்து "அங்கிள் ஜிலேபி, ஆன்ட்டி ஜிலேபி" என்று போகிற வருகிறவர் வழியை மறிப்பான். ஓரத்தில் மடக்கு நாற்காலியில் சால்வை போர்த்தி ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேலை ஒன்றும் இல்லை போலத் தெரியும். ஆனால் யார் வெறுங்கையோடு போகிறார்கள் என்று பார்த்து, பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த ஆளைக் கை காட்டுவார். நீங்கள் தப்பிக்க முடியாது.

வாங்கும் முறை

"சத் ஸ்ரீ அகால் ஜி" என்று கை கூப்பினால் போதும், பாதி வேலை முடிந்தது. வயதில் மூத்தவர்களை அங்கிள் ஜி, ஆன்ட்டி ஜி என்று கூப்பிடலாம், உங்கள் வயதுக்காரரை பாஜி என்றோ பெண்களை பெஹன் ஜி என்றோ. எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். போதும் என்றால் "பஸ் ஜி" என்று தட்டுக்கு மேல் கையை விரித்துக் காட்டுங்கள், ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டார்கள், இரண்டு தடவை சொல்ல வேண்டும். காசு நீட்டாதீர்கள்.

ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், இன்னும் வேண்டுமென்றால் சாப்பிட்டு முடித்து மறுபடி போங்கள், யாரும் கணக்கு வைக்கப் போவதில்லை. பை நிறைய ஜூஸ் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அள்ளிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை. மாலையில் கூடாரத்தைப் பிரிக்கும்போது மிச்சத்தை அவர்களாகவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் அது வேறு விஷயம், அப்போது தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடாஹ் பிரசாத் என்று கோதுமை மாவு, நெய், சர்க்கரை போட்டுக் கிளறிய அல்வா கொடுப்பார்கள். அது மற்றப் பண்டங்களைப் போல அல்ல, பிரசாதம். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாங்குங்கள், கீழே சிந்தாதீர்கள். நெய் கையில் வழியும், அப்படியே உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

சைவம்தானா என்ற கவலை வேண்டாம், லங்கர் என்றாலே சைவம், முட்டையும் கிடையாது. ஆனால் பாலும் நெய்யும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், வேர்க்கடலை முந்திரி அலர்ஜி உள்ளவர்களும் வாயில் வைக்கும் முன் கேட்டுவிடுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாம் பொரிபடும் என்பதையும் மனதில் வையுங்கள். பூண்டு வெங்காயம் தவிர்ப்பவர்களுக்குப் பழமும் இனிப்பும்தான் கதி.

ஊர்வலம் கடக்கும்போது

முக்கிய வண்டி வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். முன்னால் சிலர் துடைப்பத்தால் சாலையைப் பெருக்கிக்கொண்டே வருவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். அதற்குப் பின்னால் காவி உடையில் ஐந்து பேர் வாளேந்தி நடந்து வருவார்கள். அவர்கள் பஞ்ச் பியாரே, 1699இல் முதலில் தலை கொடுக்க முன்வந்த ஐவரின் நினைவாக நடப்பவர்கள். அவர்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மூடிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். பலர் செருப்பைக் கழற்றி வணங்குவார்கள், நீங்கள் வணங்க வேண்டும் என்று இல்லை, ஆனால் வாயில் பக்கோடாவை மென்றுகொண்டு அந்த வண்டியின் முன்னால் செல்ஃபி எடுக்காதீர்கள். நமக்கு சாமி புறப்பாட்டின்போது எப்படி நிற்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் கட்கா வரும். வாளும் கேடயமும் கம்பும் சுழற்றும் தற்காப்புக் கலை. சின்னப் பெண் பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள். வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் காலிஸ்தான் என்ற தனி சீக்கிய நாட்டை ஆதரிக்கும் கொடிகளும், 1984இல் இந்தியாவில் சீக்கியர்கள் கொல்லப்பட்டது பற்றிய பதாகைகளும் இருக்கும். கனடிய அரசியல்வாதிகளும் தலையில் காவித்துணி கட்டிக்கொண்டு கை குலுக்க வருவார்கள். உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், அங்கே யாரும் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாடு போடுவதில்லை. கையில் தட்டோடு வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம், தெரியாத பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பவும் வேண்டாம்.

பிள்ளைகளோடு போனால்

கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று போனவுடனே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒரு தெருமுனைப் பெயர்ப்பலகை போதும். குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள். தள்ளுவண்டி மதியம் ஒரு அடி நகராது, சின்னக் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்வது மேல். தற்காலிகக் கழிப்பறைகள் இருக்கும், வரிசையும் இருக்கும், அவசரம் வருவதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

குருத்வாராவுக்குள்

தெருவில் சாப்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் ஒரு தடவை பந்தியில் உட்காருங்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்கவில்லை என்றால் வேறொரு நாளாவது. வாசலில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, தலையை மூடிக்கொண்டு லங்கர் கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ஸ்டீல் தட்டில் பருப்பு, சப்ஜி, தயிர், கீர். ரொட்டி கொண்டு வருகிறவர் "பர்சாதா ஜி" என்று சொல்லிக்கொண்டே வருவார், இரண்டு கையையும் நீட்டி வாங்குங்கள், தட்டில் போடச் சொல்லிக் காட்டாதீர்கள். மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவும் இடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். காசு போட ஆசையாக இருந்தால் பிரார்த்தனைக் கூடத்தில் குரு கிரந்த் சாஹிப் முன்னால் உண்டியல் இருக்கும், அங்கே போடலாம், போடாவிட்டாலும் ஒன்றுமில்லை.

லங்கர் வைசாகிக்கு மட்டும் அல்ல, தினமும் உண்டு. மாசக் கடைசியில் கையில் காசு தீர்ந்துபோன மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்க வேண்டிய ஊர் இல்லை இது.

திரும்ப ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு உறுத்தினால், சேவைக்குப் போங்கள். ஊர்வலத்துக்கு முந்தின நாள் குருத்வாரா சமையலறையில் போய் "சேவா செய்ய வந்தேன்" என்று சொன்னால் கையுறையைக் கொடுத்து ரொட்டி தேய்க்கவோ வெங்காயம் உரிக்கவோ உட்கார வைத்துவிடுவார்கள். உங்கள் ரொட்டி இலங்கை வரைபடம் போல வந்தாலும் சிரித்துக்கொண்டே அடுப்பில் போடுவார்கள்.

கடைசியாக வான்கூவர் ஊர்வலம். அது வேறொரு சனிக்கிழமை, ராஸ் தெரு குருத்வாராவை வைத்திருக்கும் கால்சா திவான் சங்கம் நடத்துவது. 1906இல் தொடங்கிய சங்கம் அது. 1914இல் கோமகாடா மாரு கப்பலில் வந்த இந்தியர்கள் 376 பேரில் பெரும்பாலோரை இரண்டு மாதம் வான்கூவர் துறைமுகத்தில் இறங்கவிடாமல் நிறுத்தி வைத்தபோது கப்பல் வாடகைக்குக் கரையில் நின்று பணம் திரட்டியவர்கள் அந்தச் சங்கத்து ஆட்கள். கூட்டம் சர்ரேயைவிடக் குறைவு, அதனால் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை போகிறவர்கள் அங்கே தொடங்கலாம். அது முடிந்து மெயின் தெருவில் 49ஆவது அவென்யூ பக்கம் பஞ்சாபி மார்க்கெட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அங்கே மட்டும் காசு கொடுக்க வேண்டும்.